படத்துக்கு நின்ற கறுப்பு மாடு

ஊசுட்டேரிக் கரையைத் தாண்டும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. அலுவலகத்துக் கைப்பேசியை அன்று காலை வில்லியனூரில் மேலாளரின் மேசை மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன், ஸ்கூட்டர் சாவியோடு சேர்த்து. ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கரையோரம் ஒருத்தி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் அவள் முகத்தில் வெளிச்சம் விழும் என்று பார்த்தேன். வேலை போனது கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை.

பத்துக்கண்ணு பக்கம் போகிற பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. கை காட்டவில்லை. டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் எங்கே போகிறாய், எந்த ஊர், வீட்டில் யார் என்று கேட்பார். ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் நான் நடந்துதான் கிளம்பியிருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி, பாலக்காட்டுப் பரோட்டாக் கடை, ஒரு லாரியில் கிளீனர் வேலை, எல்லாவற்றிலிருந்தும் இதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பை மட்டும் ஒருமுறை மாறியது.

வில்லியனூரில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. எங்கோ பனி விழுகிற நாட்டில் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து ஓர் இணையதளத்தைத் திறக்கிறார். அதில் ஏழை நாடுகளின் சின்ன வியாபாரிகள் படம் படமாக நிற்கிறார்கள். ஒருத்தி தக்காளி விற்கிறாள், ஒருவன் செருப்புத் தைக்கிறான். பிடித்த முகத்தைத் தொட்டு, தன்னால் முடிந்த சிறு தொகையைக் கடனாகக் கொடுக்கிறார். அப்படிப் பல பேர் கொடுத்தது சேர்ந்து எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு வரும். பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் ஐந்து ஐந்து பெண்கள் சேர்ந்த குழுக்களுக்கு நாங்கள் அதைக் கொடுப்போம். அவர்கள் கட்டக் கட்ட, அது கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகும். இணையதளத்தில் ஒரு குழுவுக்கு ஒரே பக்கம். அதில் ஒருத்தி மேல் சந்தேகம் வந்தால் ஐந்து பேருக்கும் பணம் நின்றுவிடும்.

படம் எடுப்பதும் கதை எழுதுவதும் என் வேலை. ஒன்பதாவதோடு நின்றவன் நான். ஆனால் கைப்பேசியில் தமிழ் வேகமாகத் தட்டுவேன். அதைப் பார்த்துத்தான் மேலாளர் சேர்த்துக்கொண்டார். நான் எழுதியதை அலுவலகத்தில் வேறொருவர் ஆங்கிலத்தில் மாற்றுவார்.

இணையதளத்துக்குச் சிரித்த முகம் வேண்டும், தொழில் படத்தில் தெரிய வேண்டும். எங்கள் பெண்களோ கைப்பேசியைத் தூக்கியதும் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுவார்கள். சிரிக்கச் சொன்னபோது மீன் விற்கிற ஓர் அம்மா என்னை முறைத்தார்.

"கடன் கேக்க சொல்லோ சிரிச்சா எவன்பா குடுப்பான்? இவளுக்கு இன்னா கொறைன்னு பூடுவான்."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனாலும் சிரிக்க வைத்துத்தான் எடுத்தேன்.

வீட்டில் யார் யார், கணவருக்கு என்ன வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பேன். மாலையில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த என் அறையில் உட்கார்ந்து அவற்றைத் தட்டுவேன். கீழே பஞ்சர் ஒட்டுகிற சத்தம் நின்ற பிறகு அந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான். எத்தனையோ குடும்பங்களின் சங்கதி எனக்குத் தெரியும். எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த வீட்டுப் பையனுக்கு இரும்புக் கம்பெனியில் விரல் போயிற்று, எல்லாம் தெரியும். உன் வீட்டில் யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒரு வரிக்கு மேல் வந்திருக்காது.

பாகூர் ஏரியைத் தாண்டிச் சோரியாங்குப்பம் போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே ஓர் அக்கா மாடு வாங்கக் கடன் எடுத்தார். அவர் கணவருக்குச் சென்னையில் கான்கிரீட் வேலை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். வீட்டில் அக்காவும் பள்ளிக்கூடம் போகிற மகளும். அப்போதெல்லாம் அலுவலகம் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் படத்தை இணையத்தில் ஏற்றும். மாடு வந்த வாரம் நான் படம் எடுக்கப் போனேன்.

முற்றத்தில் மாடு இல்லை. வீட்டின் பின்னால் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டு மறைத்திருந்தார். மறைப்புக்கு மேலே இரண்டு கொம்பு நுனி மட்டும் அசைந்தது.

"அக்கா, மாட்டை இப்படிக் கொண்டாங்க. வெளிச்சத்துல எடுக்கணும்."

"நெறமாசம்பா அது. போட்டோவா புடிக்கப் போற?" என்று அக்கா மறைப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "இந்த ஊரு கண்ணே ஆவாதுன்னு சாக்கு கட்டி வெச்சிகிறேன். நீ இன்னாடான்னா ஒலகத்துக் கண்ண எல்லாம் இட்டாந்து உடப் பாக்குற."

மாடு இல்லாமல் படம் எடுக்க முடியாது என்றேன். அவ்வளவுதானே என்று பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே கறவை நின்றுபோன ஒரு கிழட்டுக் கறுப்பு மாடு இருந்தது. அதை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எம் மாட்டுக்குக் கண்ணு பட்டா பரவால்லியா?"

"உம் மாட்ட எமனே பாத்தாலும் இன்னொரு நாளு வரேன்னு பூடுவான். போடி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எடுத்துவிட்டேன். நான் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். கறுப்பு மாடும் தலையைத் தூக்கி நேராகப் பார்த்தது. அது அக்காவின் மாடு இல்லை என்பது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. மாடு வாங்கியது உண்மை. சினை மாட்டை வெளியே காட்டக் கூடாது என்பதும் உண்மை. எங்கள் ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் வேறு என்ன செய்வது என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தவர்களில் ஓர் அம்மாள் இணையப் பக்கத்தின் கீழே எழுதினார். மற்றவர்கள் கொடுப்பதோடு சரி. இவர் மட்டும் மாதாமாதம் எழுதினார். கைப்பேசி அதைத் தமிழாக்கிக் காட்டும். வயதானவர், தனியாக இருப்பவர், ஒரு காலத்தில் மாடு வைத்திருந்தவர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கறுப்பு மாடு எப்படி இருக்கிறது, சரியாகச் சாப்பிடுகிறதா, அதன் பெயர் என்ன என்று கேட்டிருந்தார். நான் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"மாட்டுக்கு இன்னா பேரு? மாடுதான். இந்தான்னா திரும்பும்."

பெயர் இல்லை, கூப்பிட்டால் திரும்பும் என்று பதில் போட்டேன். கன்று போட்டதையும் எழுதினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மாதம் தவறாமல் என் கைக்கு வந்த கடிதம் அது ஒன்றுதான். அதுவும் மாட்டுக்கு வந்தது. இருந்தாலும் மாதக் கடைசியில் எதிர்பார்ப்பேன். வர இரண்டு நாள் தாமதமானால், அங்கே பனியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று தோன்றும்.

அக்கா கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தார். பால் ஒரு டீக்கடைக்கும் சில வீடுகளுக்கும் போனது. ஆனால் ஒரே மாட்டை வைத்துப் பால் வியாபாரம் செய்ய முடியாது. அது மறுபடி சினையானால் கறவை வற்றும். வற்றிய மாதங்களில் டீக்கடைக்காரர் வேறு ஆளிடம் போய்விடுவார், திரும்பி வர மாட்டார். ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்க வேண்டும். சோரியாங்குப்பத்தில் ஒருவரிடம் கறவை மாடு ஒன்றை அக்கா பார்த்து வைத்திருந்தார்.

இரண்டாவது கடனுக்குப் படம் எடுத்தபோது பக்கத்து வீட்டுக் கறுப்பு மாடு விற்றுப்போயிருந்தது. அக்காவின் மாடு அப்போது சினையில்லை. எடுத்துக்கோ என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றார். செவலை மாடு, நெற்றியில் வெள்ளை. நான் எடுத்து அனுப்பினேன். மாடு மறுபடி சினைப்பட்டு, பின்னால் சாக்கு ஏறிய பிறகுதான் இணையதளத்தில் இருந்து கேள்வி வந்தது. முதல் படத்தில் கறுப்பு மாடு, இப்போது வேறு நிறம், விளக்கம் தேவை. அதுவரை குழுவுக்குப் பணம் இல்லை. முன்போல முதலில் கொடுக்கிற வழக்கத்தை அலுவலகம் நிறுத்தியிருந்தது. சோரியாங்குப்பத்து ஆளோ அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான் மாட்டை வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

நான் நடந்ததை மேலாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருஷ்டின்னு எழுதுனா வெளிநாட்டுக்காரனுக்குப் புரியுமா? அடுத்தவ மாட்டக் காட்டிக் கடன் வாங்கினாங்க, அது மட்டும்தான் புரியும். பழைய மாடு செத்துடுச்சு, கஷ்டப்பட்டு வேற வாங்கிட்டாங்கன்னு போடு. அந்தம்மா வாயால ஒரு வீடியோ எடுத்துட்டு வா. அழுதாங்கன்னா இன்னும் நல்லது."

"சார், கறுப்பு மாடு அவங்களுது இல்லையே."

"அதான் செத்துடுச்சுன்றனே. அப்புறம் யாருதா இருந்தா என்ன?"

அந்த வாரம் குழுக்கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஐந்து பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் சொன்னதை நான் சொன்னேன். மற்ற நால்வருக்கும் உடனே சம்மதம். குழுத் தலைவி இட்லிக் கடை போடுகிறவர், கிரைண்டர் வாங்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த தானேடி. சொல்லிட்டுப் போயேன்" என்றார் தலைவி.

"உசுரோட நிக்கிற மாட்ட செத்துப்போச்சுன்னு என் வாயால சொல்லணுமா?"

"அந்தக் கறுப்பு மாட்டத்தானே சொல்லப் போற. அது எந்த ஊருல கீதோ, இன்னாத்துக்கு ஆச்சோ."

"இன்னான்னு சொல்லணும்? எம் மாடு செத்துப்போச்சுன்னு சொல்லணும். எம் மாடு எது? பின்னால கட்டிகிறேனே அது. அதுக்குக் காது கேக்கும்."

"கேட்டா இன்னா, கோச்சிக்கினு வூட்ட உட்டுப் பூடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். "வவுத்துல ஒண்ணு கீது அதுக்கு. நான் சொல்ல மாட்டேன்" என்றார். தலைவி தலையில் அடித்துக்கொண்டார். நான் வீடியோ இல்லாமல் திரும்பினேன்.

மறுநாள் மேலாளரே அக்காவின் பெயரில் எழுதி ஏற்றிவிட்டார். மாடு நோயில் இறந்தது, தளராமல் இன்னொன்று வாங்கினேன், என்று. இணையதளம் ஏற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் வந்துவிடும், அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம் என்றார். அவருக்கும் ஐந்து பெண்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம்தான். எனக்கும் அது தெரிந்தது. பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் அந்த அம்மாளின் கடிதம் வந்தது. கறுப்பு மாடு இறந்ததைப் படித்து வருந்தினேன். கூப்பிட்டால் திரும்பும் என்று எழுதியிருந்தீர்கள், அதை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அதற்காக ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு என்னால் அறையில் இருக்க முடியவில்லை. காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாகூர் பக்கம் போனேன். அக்கா டீக்கடைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தலைவியும் அங்கே இருந்தார். மேலாளர் எழுதியதையும் பணம் வரப்போவதையும் சொன்னேன். தலைவி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கடிதத்தைப் படித்தேன்.

அக்கா கையிலிருந்த தேங்காய் நாரைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"எம் மாட்டுக்கா? அங்க ஒருத்தி எம் மாட்டுக்கு வௌக்கு ஏத்தி வெச்சிகிறாளா?"

"நல்ல மனசுலதான் ஏத்தியிருக்காங்கக்கா."

"அணைக்கச் சொல்லு. மொதல்ல அத அணைக்கச் சொல்லு தம்பி."

"உண்மைய எழுதினா பணம் வராதுக்கா. சோரியாங்குப்பத்து மாடு போயிடும்."

"எங்க காசும் சேந்து போவும்டி" என்றார் தலைவி. "நல்லா யோசிச்சுக்கோ."

அக்கா வீட்டின் பின்பக்கம் போனார். சாக்கைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கழுவிய பால் பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

"எழுதுபா. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். அம்மா, எம் மாடு சாவல. நல்லா திங்குது. நீ பாத்த கறுப்பு மாடு பக்கத்து வூட்டுது. எம் மாடு அப்ப நெறமாசம், அதான் காட்டல. இது செவல, நெத்தியில வெள்ள. இப்பவும் சினையா கீது. கெடேரி போட்டா சொல்றேன். நீ வெச்ச வௌக்க அணைச்சிடு.

"ஒரு போட்டோ சேர்த்து அனுப்பினா நம்புவாங்க, அக்கா" என்றேன்.

"இவ்ளோ நேரம் இன்னாபா சொன்னேன்? சினை மாடுன்றேன்."

தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவள வெச்சிக்கினு எவன் காசு குடுப்பான்" என்று எழுந்தார். "எங்கள வேற குழுவுல சேத்துக்கச் சொல்லு தம்பி. இவ மாட்டக் கட்டிக்கினே கெடக்கட்டும்." போகும்போது அக்காவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனார்.

அனுப்பினேன். நெற்றியில் வெள்ளை என்பதைக் கைப்பேசி ஆங்கிலத்தில் என்னவாக மாற்றியதோ, எனக்குத் தெரியாது.

"ஒனக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று அக்கா கேட்டார்.

"வேலை போயிடும்."

"சேதராப்பட்டுல மாட்டுத் தீவனக் கம்பெனில எந் தம்பி லோடு பாக்குறான். ஆளு வேணும்னு சொல்லிக்கினு இருந்தான். அக்கா அனுப்புச்சின்னு சொல்லு." ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தார். கறவை குறையத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அதற்கு மறுநாள் காலை மேலாளர் கத்தவில்லை. இணையதளம் அந்தக் குழுவின் பக்கத்தை மூடிவிட்டது என்றார். நால்வரை வேறு குழுவில் சேர்க்க முடியும், அந்தம்மாவைச் சேர்க்க முடியாது. அந்த மாதத்துச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தார். கைப்பேசியைக் கேட்டார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். பதில் வந்திருக்கவில்லை. அவர் அதை இன்னும் பார்த்திருக்க மாட்டார். பார்த்த பிறகு அவர் என்ன எழுதினார், மெழுகுவர்த்தியை அணைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவர் எழுதியதெல்லாம் அக்காவுக்கு. நான் வெறும் கை.

பத்துக்கண்ணு தாண்டியதும் சாலை ஓரத்து ஆலமரத்தில் வைக்கோல் பொட்டலங்கள் தொங்கின. கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை இப்படிக் கட்டித் தொங்கவிட்டால் பால் பெருகும் என்பார்கள். புதிதாக ஒன்று, காய்ந்துபோனவை நிறைய. கீழே நிழல் நன்றாக இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தேன்.

வெயில் தாழ சேதராப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷிப்ட் விட்டு ஆட்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் இந்தி பேசினார்கள். எல்லோரும் இரண்டு மூன்று பேராகப் போனார்கள். ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் கம்பெனி வாசலில் அக்காவின் தம்பியை விசாரித்துப் பிடித்தேன். அக்காவின் அதே மூக்கு.

"நீதானா அந்த மாட்டு ஆளு? அக்கா போன்ல சொல்லிச்சு. சோரியாங்குப்பத்தான் வெள்ளிக்கிழமவரைக்கும்கூட நிக்காம நேத்தே வித்துட்டானாம்."

"அக்கா என்ன சொல்லிச்சு?"

"இன்னா சொல்லும்? இது நல்லபடியா ஈனட்டும்னுது."

மேஸ்திரியிடம் அழைத்துப் போனார். மேஸ்திரி என்னைச் சுவரோரம் நிறுத்தி கேட் பாஸுக்குப் படம் எடுத்தார். சிரிக்கச் சொல்லவில்லை. எந்த ஊர் என்றார், சொன்னேன்.

"வூட்ல யாரு? மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னா யாருக்கு போன் போடறது?"

யோசித்தேன். அக்காவின் நம்பர் அலுவலகத்துக் கைப்பேசியில்தான் இருந்தது. மனப்பாடமாக எனக்கு ஒரு நம்பரும் தெரியாது.

"யாரனா ஒருத்தர் வேணும்பா" என்றார் மேஸ்திரி.

"என் நம்பரப் போட்டுக்கோங்க" என்றார் அக்காவின் தம்பி.

மூட்டையின் வாயைத் தைக்கிற வேலை கொடுத்தார்கள். மேலே கயிற்றில் தொங்குகிற தையல் மெஷினைப் பிடித்து, தீவனம் நிரம்பி வருகிற ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஓட்ட வேண்டும். காது அடைக்கிற சத்தம். மூக்கில் தவிட்டுப் பொடி. எல்லா மூட்டையிலும் ஒரே மாட்டுப் படம் அச்சடித்திருந்தது, பெரிய மடியோடு கொழுத்த மாடு, பக்கவாட்டில் நின்று நேராகப் பார்த்தது. அது யாருடைய மாடு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. முதல் மூட்டையைக் கோணலாகத் தைத்தேன். மேஸ்திரி பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார். தைத்தேன்.